மூன்று நாள் சட்டம்

"1-1-1964, புதன். காலையில் மாடி வக்கீல் மாமா ரவா கேசரி கொண்டுவந்து கொடுத்தார். ஆங்கில வருஷப் பிறப்புக்கா என்று கேட்டேன். இல்லை, புதிய காலவரம்புச் சட்டம் இன்று அமலுக்கு வந்திருக்கிறது என்றார். நெய் தாராளம்."

என் பழைய டைரியில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். ஒரு சட்டம் பிறந்ததற்காக யாராவது இனிப்பு கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் எத்தனை நாளுக்குள் அவன் கோர்ட் வாசலை மிதிக்க வேண்டும், மிதிக்காவிட்டால் வாசல் எப்போது சாத்தப்படும் என்று சொல்லும் சட்டம் அது. அதுவரை இருந்தது 1908ஆம் வருஷத்துச் சட்டம். வக்கீல்கள் பலர் புதிய புத்தகத்தை வாங்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்ட நேரத்தில், இவர் மூன்று மாடிக்கும் படியேறி இறங்கி, கிண்ணம் கிண்ணமாகக் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பம்பாய் மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த அந்தக் கட்டடத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எனக்கு நேர் மேல் வீடு. மாடி மாமா, அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வெயிலில் வெளுத்துத் தோள்பட்டையில் பச்சை பூத்த கறுப்புக் கோட்டு. குடையைக் கோட்டின் பின்கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். வேடிக்கையாக எதையாவது சொல்ல வந்தால், அதைச் சொல்வதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே பாதி வேடிக்கைகள் எங்களுக்கு வந்து சேர்ந்ததில்லை. சிரிப்பு மட்டும் வந்து சேர்ந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

கோர்ட்டுக்குச் சர்க்கார் சட்டம். கட்டடத்துக்கு அவருடைய சட்டம். அதில் ஒரே ஒரு பிரிவுதான்: எந்தக் குறையையும் மூன்று நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். நாலாம் நாள் அது செல்லாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 1962இல் நான் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில், மாடி வீட்டு ஈரத்துணி சொட்டி, என் கொடியில் காய்ந்த ஆபீஸ் சட்டை இரண்டு பாழாயின. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, ஐந்தாம் நாள் மாடியேறிச் சொன்னேன்.

"எப்போ சொட்டித்து?" என்றார்.

சொன்னேன்.

"தள்ளுபடி" என்று சிரித்தார். "சொல்ல வேண்டியதை அன்னிக்கே சொல்லணும். அஞ்சாம் நாள் சொன்னா அது குறை இல்லை, வெறும் ஞாபகம். உக்காரு, காபி சாப்பிடு. மறுபடி சொட்டும். சொட்டின உடனே சட்டையோட ஓடி வா. அது புது வழக்கு."

மறு வாரமே சொட்டியது. ஈரச் சட்டையோடு ஓடினேன். அந்த மனுஷர் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்து, என் சட்டையைத் தாமே தேய்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு சொட்டவில்லை.

இந்தச் சட்டத்தை அவர்மீதே அதிகம் பிரயோகித்தவள் மாமி. இரண்டு நாளுக்கு ஒரு தடவை, சாயங்காலம் அவர் கோட்டைக் கழற்றும் நேரம் பார்த்து, எதுவும் காலாவதியாகாதபடி எல்லாக் குறைகளையும் வரிசையாகச் சொல்லி முடிப்பாள். "முந்தாநாள் கறிவேப்பிலை வாங்கிண்டு வரலை. நேத்திக்கு என் தம்பி வந்தப்போ பேப்பர்லேர்ந்து தலையே தூக்கலை. இன்னிக்குக் குளியலறைக் குழாயை மூடலை." மாமா ஒவ்வொன்றுக்கும் "ஒப்புக்கொள்கிறேன்", "ஒப்புக்கொள்கிறேன்" என்பார். கீழே நாங்கள் ரேடியோவைத் தணித்துவிட்டுக் கேட்போம். அந்தக் கட்டடத்தில் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நான் பார்த்ததில்லை. சத்தம் நிறைய உண்டு. மௌனச் சண்டை கிடையாது.

ரயிலிலும் அப்படித்தான். நான் கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலையாக இருந்ததால், காலையில் இருவரும் ஒரே வண்டியில் போவோம். யாராவது காலை மிதித்துவிட்டால், மிதித்தவனின் தோளைத் தட்டி, அவருடைய தஞ்சாவூர் இந்தியில், "பாயி, அபீ போல்தா ஹூங், பாத் மே நஹீங் போலூங்கா. பாவ் துக்தா ஹை" என்பார். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மாட்டேன், கால் வலிக்கிறது என்று அர்த்தம். மிதித்தவன் முதலில் முறைப்பான். பிறகு இவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடுவான். ஒரு தடவை அப்படி மிதித்தவர் ஒருவர், அடுத்த வருஷம் அவரிடமே கட்சிக்காரராக வந்தார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு குறையை மட்டும் மூன்று நாளுக்குள் சொல்லாமல் விட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பேச்சியம்மாள் என்று ஒரு கட்சிக்காரி. சங்கரன்கோவில் பக்கம். தாராவியில், மாதுங்காவை ஒட்டிய பகுதியில் மாவு மில் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரே அறை, இரண்டு மிஷின். காலையில் அவள் புருவம் கறுப்பாக இருக்கும், மத்தியானத்துக்குள் வெள்ளையாகிவிடும். மில் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் அவளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். காரணம், மில்லில் பாதி இடத்தை அவள் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டாளாம். அந்த இன்னொருவர் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர், இரண்டு வாசல் தள்ளி பெல்ட் பட்டறை வைத்திருந்தவர். அவருடைய பட்டறைச் சந்தில் சைக்கிள் நுழையாது. அதனால் சைக்கிளை மட்டும் மில்லுக்குள் நிறுத்தி வந்தார். அந்தச் சைக்கிள்தான் உள்வாடகைக்காரர்.

"எஞ் சைக்கிளு அங்கன நிக்கி. அது சமைச்சுத் திங்கா? படுத்து ஒறங்குதா?" என்று மைதீன் பாய் கேட்பார். இதை அவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால் வழக்கு முடிந்தது. சொல்லாவிட்டால் மில் போய்விடும்.

1966ஆம் வருஷம் ஆனி மாதத்தில் அந்தக் கட்டடச் சொந்தக்காரரின் பெண்ணுக்கு மாதுங்காவில் கல்யாணம். அவர் தமிழர், செல்வாக்குள்ளவர், பாதி மாதுங்காவுக்குப் பத்திரிகை போயிருந்தது. மாமிக்குப் பெண்ணின் அம்மா ஒருவகையில் உறவு. எனக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் நானும் மாடி மாமாவும் அடுத்தடுத்த இலை. ரசம் வருகிற சமயத்தில் அவர் முழங்கையால் என்னை இடித்தார்.

"எதிர் வரிசை. மூணாவது இலை. தங்க பிரேம் கண்ணாடி. பேச்சியம்மா கேஸ் அவர்கிட்டதான் நடக்கறது."

பார்த்தேன். நீதிபதி தமிழர் அல்ல. இலையின் முன்னால் உட்கார்ந்து ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்குப் போட்ட கட்டடச் சொந்தக்காரர் தம் கையாலேயே அவர் இலையில் நெய் விட்டுக்கொண்டிருந்தார். நீதிபதி போதும் என்று கையைக் காட்டினார். நெய் நிற்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது தூறிக்கொண்டிருந்தது. "நாளைக்குக் கோர்ட்டில் சொல்வீர்களா?" என்று கேட்டேன். "பாயசம் நன்னாருந்தது" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. மாமி இரண்டு நாளைக்கு ஒரு முறை படிக்கும் வரிசையைக்கூட அந்த வாரம் படிக்கவில்லை. படித்தாலும் "ஒப்புக்கொள்கிறேன்" என்று பதில் வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த விசாரணையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மாமா சொன்னதையும் மைதீன் பாய் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டும் பொருந்துகின்றன. சாட்சி சொல்ல வருபவர் தம் முறை வரும்வரை அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது வழக்கம். மைதீன் பாய் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. உள்ளே நீதிபதி, "சாட்சி வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். கேட்ட மூச்சிலேயே, "பிரதிவாதி தரப்பில் சாட்சி யாரும் வரவில்லை" என்று எழுதச் சொன்னார். "வெளியே உட்கார்ந்திருக்கிறார்" என்று மாமா எழுந்தார். "உட்காருங்கள்" என்றார் நீதிபதி. சிலநாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. தீபாவளிக்குள் பேச்சியம்மாள் மில்லைக் காலி செய்துவிட வேண்டும்.

மாமா அந்தந்த நாளிலேயே இரண்டு காரியம் செய்திருந்தார். சாட்சி வராந்தாவில் காத்திருந்தார் என்று விசாரணை நாளன்றே மனு எழுதி அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டார். தீர்ப்பு வந்த நாளன்றே அதன் நகலுக்கு விண்ணப்பம் போட்டார். எந்த வழக்கிலும் அவர் பழக்கம் அது. மற்ற வக்கீல்கள் டீ குடிக்கப் போகும்போது இவர் நகல் பிரிவு ஜன்னலில் நிற்பார்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் மேலே பேசியது எனக்குக் கேட்டது.

"உங்க மூணு நாள் என்னாச்சு?" என்றாள் மாமி.

"முடிஞ்சுடுத்து."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

மறுநாள் பேச்சியம்மாள் வந்தாள். படியேறும்போதே மாவு வாசனை வந்தது. சத்தம் கேட்டு நானும் மேலே போனேன். மாமா அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தாம் நின்றுகொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்தக் கல்யாணத்துல ஜட்ஜ் சாப்பிட்டதை நான் பார்த்தேன். மறுநாளே எழுந்து, இந்தக் கேஸை நீங்க விசாரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"அதே பந்தியில நானும் சாப்பிட்டேன். எந்த வாயால சொல்றதுன்னு இருந்தது."

பேச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்ட்டது தப்பில்ல. சொல்லாததுதாம் தப்பு. அது ஆச்சு ரொம்ப நாளு. ஒங்க சட்டப்படி இப்ப நான் ஒங்களத் திட்டக் கூடாது, அப்படித்தான?"

"இல்லை, இல்லை" என்றார் மாமா அவசரமாக. "நீ இன்னிக்குத்தானே கேள்விப்பட்டே? தெரியவந்த நாள்லேர்ந்துதான் கணக்கு ஆரம்பம். உனக்கு மூணு நாள் முழுசா இருக்கு. திட்டு."

அவளுக்கு மூன்று நாள் தேவைப்படவில்லை. அங்கேயே ஆரம்பித்தாள். "நல்லா இருக்குய்யா ஒங்க லச்சணம்! ஊருக்கெல்லாம் நாளு குறிச்சுக் குடுத்துட்டு ஒங்க நாளக் கோட்ட விட்டுட்டு நிக்கிய! நாலு கரண்டி பாயசத்துக்கு எம் மில்லத் தூக்கிக் குடுத்துட்டியளே! நெய் என்ன அப்படி மணந்துச்சோ? எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஒரு தூக்குப் போணியில காச்சிக் கொண்டாந்திருப்பேமே!" இன்னும் நிறைய உண்டு. சங்கரன்கோவில் தமிழ் முழு வேகத்தில் ஓடியது. மாமா கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். பல நாளாக இல்லாத சிரிப்பு அவர் கன்னத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் மாமி பேச்சியம்மாளுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார் மாமா கடைசியில்.

"முடிஞ்சிட்டு. இப்பச் சொல்லுங்க, என்ன செய்யணும்? அந்த ஜட்ஜு மேலயே ஒரு கேஸு போடுங்க. எனக்கு வார நட்டத்த அவரே குடுக்கட்டும்."

"முடியாதும்மா. கும்பெனி ராஜாங்கத்துல, ஆயிரத்தெண்ணூத்தி அம்பதுல ஒரு சட்டம் போட்டுட்டான். அந்த நாற்காலியில ஜட்ஜா உக்காந்து செஞ்ச காரியத்துக்கு அவர்கிட்ட நஷ்டஈடு கேக்க முடியாது. தப்பாவே செஞ்சாலும்."

"இது எந்த ஊரு நியாயம்? எங் கல்லு கோணலா ஓடி மாவு கெட்டா நான் வேற மாவு குடுக்கேன். தீர்ப்பு கெட்டா?"

"மேல உக்காந்திருக்கறவா வேற தீர்ப்பு குடுப்பா. அதான் வேற மாவு."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "சரி. அவரு வேண்டாம், வேற ஜட்ஜுகிட்ட மாத்துங்கன்னு கேட்டா?"

"அதைத் தீர்ப்புக்கு முன்னாடி கேட்டிருக்கணும். அந்தக் கதவு சாத்தியாச்சு. சாத்தினவன் நான்தான். ஹைகோர்ட்டுக்கு அவர் மேல புகார் எழுதலாம். அதுக்கு நாள் கணக்கு இல்லை. ஆனா அதனால மில் திரும்பி வராது. மில் வேணும்னா அப்பீல். ஒரு மாசம் இருக்கு."

"எனக்கு மில்லும் வேணும். அந்த மனுசன் எம் முன்னால வந்து ஒரு வார்த்த சொல்லவும் வேணும். 'தப்பு நடந்துபோச்சு'ன்னு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அந்தப் பரிகாரம் எந்தச் சட்டத்துலயும் இல்லைம்மா" என்றார் மாமா. "சட்டத்துல இல்லாததால அதுக்குக் காலவரம்பும் கிடையாது. எப்போ வேணா வரலாம்."

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டியபோதுதான் புதிய இடைஞ்சல் கிளம்பியது.

"இன்னைக்கு என்ன தேதி? தமிழுக்குச் சொல்லுங்க" என்றாள் பேச்சியம்மாள். மாமி சொன்னாள், ஆடி பிறந்துவிட்டது என்று. பேச்சியம்மாள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஆடியில நான் ஒண்ணும் தொடங்க மாட்டேன். ஆவணி பொறந்த அன்னைக்கே வந்து போட்டுத்தாரேன்."

"ஆவணி பொறந்தா அப்பீல் செத்துடும்மா!"

"ஒரு மாசம்னு நீங்கதான சொன்னிய? ஆடி ஒரு மாசந்தான?"

அங்கேதான் சிக்கல். கோர்ட்டின் மாசம் முப்பது நாளில் முடிந்துவிடும். ஆடி முடியாது, இன்னும் நீளும். தீர்ப்பு ஆனிக் கடைசியில் வந்திருந்தது. அவள் சொல்கிற ஆவணி, கோர்ட்டின் கதவு சாத்திய பிறகு பிறக்கும். நகலுக்குக் காத்திருக்கும் நாள்களைச் சட்டம் கழித்துக் கொடுக்கும். ஆனால் அந்தத் தடவை நகல் பிரிவு வழக்கமில்லாத சுறுசுறுப்பில் இருந்தது. நகல் இரண்டாம் நாளே கைக்கு வந்துவிட்டது. வாழ்நாளில் முதல் முறையாக மாமா நகல் பிரிவின் வேகத்தைக் குறை சொன்னார்.

"பதினெட்டாம் பெருக்கன்னிக்குப் போடேன். எங்க பக்கத்துல அன்னிக்கு ஆரம்பிச்சா எல்லாம் பெருகும்பா."

"அது ஒங்க காவேரிக்காரவுகளுக்கு. எனக்கு எதுக்குய்யா பெருக்கு? கேஸு பெருகவா?"

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் என் பங்குக்கு, கோர்ட்டுக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது என்று ஏதோ சொன்னேன். "நீங்க சும்மா இருங்க தம்பி. மில்லு என்னுது" என்றாள். சும்மா இருந்தேன்.

மாமா நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார். வாதாடவில்லை. "ஆடியில உங்க ஊர்ல என்னதான் பண்ணுவேள்?" என்று கேட்டார்.

"சங்கரங்கோயில்ல தவசு."

"அது என்னது? எனக்கு விவரமாத் தெரியாது. சொல்லு."

பேச்சியம்மாளின் குரல் மாறியது. "கோமதியாத்தா தவசு இருப்பா. சிவனையும் பெருமாளையும் ஒரே ஒடம்புல காட்டணும்னு. ஒத்தக்கால்ல நிப்பா. நாங்கள்லாம் வெள்ளாமையில வெளஞ்ச நெல்லு, பருத்தி, வத்தலெல்லாம் கொண்டுபோயித் தூவுவோம். சாயங்காலம் சாமி வந்து காட்சி குடுக்கும். பாதி சிவன், பாதி பெருமாளு. கூட்டம்னா அப்படிக் கூட்டம்."

"ஒத்தக்கால்ல நின்னு கேட்டாளா?"

"ஆமா."

"மேல இருக்கறவர்கிட்ட?"

"ஆமா."

"ஆடி மாசத்துலயா?"

பின்னால் மறைத்திருந்த கையைப் பேச்சியம்மாள் மெல்ல முன்னால் கொண்டுவந்தாள்.

"கேட்டது கெடைச்சுதா?" என்று முடிப்பதற்குள் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேஜையைத் தட்டினார். மைக்கூடு குதித்தது. "பேச்சியம்மா! இது அப்பீல் இல்லாம வேற என்ன? அம்பாளே ஆடியிலதானே மனு போட்டிருக்கா!"

அவள் மாமியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் மாமி, இவுக எப்பவுமே இப்படித்தானா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து" என்றாள் மாமி.

"சரி. தவசன்னைக்குப் போடுதேன். ஆனா ஒத்தக்கால்ல நிக்க மாட்டேன். முட்டு வலிக்கும்."

மாமி பஞ்சாங்கத்தை எடுத்து உத்திராட நட்சத்திரம் எந்த நாள் என்று பார்த்துச் சொன்னாள். கெடுவுக்கு முன்னால்தான் விழுந்தது. அந்த நாளில் பம்பாய் மழை கொட்டித் தீர்த்தது. தாதருக்கும் மாதுங்காவுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர் நின்று வண்டிகள் ஊர்ந்தன. பேச்சியம்மாள் தலையில் மாவுச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒரு கைப்பிடி கோதுமையைக் கோர்ட் வாசலில் தூவினாளாம். புறாக்களுக்குக் கொண்டாட்டம். அப்பீல் ஜன்னலில் அன்று நல்ல நெரிசல், மாமா ஒற்றைக்காலில் நின்றுதான் மனுவை உள்ளே நீட்டினார் என்று மைதீன் பாய் சத்தியம் செய்தார். நெரிசலாலா, வேண்டுதலாலா என்று மாமாவிடம் கேட்டேன். "இடது கால்ல ஈரம்" என்றார்.

அப்பீலை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து கேட்டார்கள். அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். கல்யாணப் பந்தி விஷயத்தையும் மாமா மனுவில் எழுதியிருந்தார். மூத்த நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்:

"இதை அடுத்த விசாரணையிலேயே ஏன் சொல்லவில்லை?"

"நானும் அதே பந்தியில் இருந்தேன், யுவர் ஆனர்."

"சாப்பாடு எப்படி?"

"மிகவும் நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்."

எதிர்க்கட்சி வக்கீல் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நீதிபதி சொன்னார்: உரிய நேரத்தில் எழுப்பாத ஆட்சேபத்தை இப்போது கேட்க முடியாது, அந்தக் காரணம் தள்ளுபடி. ஆனால் சாட்சி வராந்தாவில் உட்கார்ந்திருக்க, சாட்சியே இல்லை என்று எழுதியது சரியல்ல. அன்றைக்கே கொடுத்த மனு முத்திரையோடு இருக்கிறது. தீர்ப்பு ரத்து. வேறொரு நீதிபதி மைதீனைக் கேட்டுவிட்டுப் புதிதாகத் தீர்ப்பளிக்க வேண்டும்.

வெளியே வந்ததும் மாமா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். வழக்கில் ஜெயித்ததைவிட அந்தத் தள்ளுபடிதான் அவரை அதிகம் குதூகலப்படுத்தியது. "பார்த்தியா? என் சட்டத்தையே என் மேல போட்டுட்டார்! என்ன அழகாப் போட்டார்!" ரயிலில் மாதுங்கா வரும்வரை முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் தாம் எப்படித் தோற்றார் என்பதைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறு விசாரணை 1967இல் நடந்தது. மைதீன் பாய் தாராவியிலிருந்து கோர்ட்வரை சைக்கிளை மிதித்துக்கொண்டே வந்தார். அதைக் கூண்டுக்குள் ஏற்ற வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதத்தைக் காவல்காரர் ஒருவர்தான் தடுத்தார். "நீங்கள் அந்த மில்லில் இருக்கிறீர்களா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். "வண்டிதான் இருக்குங்க. வேணும்னா அதக் கூப்பிட்டுக் கேளுங்க, வாசல்லதான் நிக்கி" என்றார். வழக்குத் தள்ளுபடியாயிற்று. மில் பிழைத்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் சப்பாத்தி. பேச்சியம்மாள் ஒரு சாக்கு மாவை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அந்தப் பழைய நீதிபதிமேல் ஹைகோர்ட்டுக்குப் புகார் போயிற்றா? எழுதினார் என்று மாமி சொன்னாள். தபாலில் சேர்த்தாரா என்று அவளுக்குத் தெரியாது. மாமாவைக் கேட்டால், "அதுக்குத்தான் நாள் கணக்கு இல்லையே, அவசரம் என்ன?" என்று பேச்சை மாற்றுவார். அந்த நீதிபதி வேறு ஊருக்குப் போனதும் பிறகு ஓய்வுபெற்றதும் மட்டும் எங்களுக்குத் தெரிந்தது.

1969 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாளும் மைதீன் பாயும் மாடிக்கு வந்தார்கள். வரும்போதே வாக்குவாதம். முந்தின நாள் மில்லுக்கு ஒரு பெரியவர் வந்தாராம். கையில் தகர டப்பா நிறையக் கோதுமை, தங்க பிரேம் கண்ணாடி.

"அவரேதாம். கோர்ட்டுல அந்த மூஞ்சிய மறப்பனா?" என்றார் மைதீன் பாய்.

"நீரு வராந்தாவுலல்லா உக்காந்திருந்தீரு! உள்ள வந்தீரா, மூஞ்சியப் பாத்தீரா?" என்றாள் பேச்சியம்மாள்.

"நீ பார்த்தியோல்லியோ? நீ சொல்லும்மா" என்றார் மாமா.

"நாம் பாத்தது கோட்டும் காலருமா, ஒசரத்துல உக்காந்திருந்த ஆளு. இவரு சட்டைய வெளிய விட்டுட்டு, டப்பாவும் கையுமா நிக்காரு. வயசாளியா இருக்காரேன்னு முன்னால வரச் சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. வரிசையிலயே நின்னாரு. மைதீன் அண்ணன் சைக்கிளப் பாத்து இந்தியில கேட்டாரு, 'இது இன்னும் இங்கதான் நிக்கா?'ன்னு."

மாமா நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தார். "அப்புறம்?"

"மாவ வாங்கிக்கிட்டுப் போவையில எம் பக்கம் திரும்பி என்னமோ சொன்னாரு. ஒதடு அசஞ்சிச்சு. ரெண்டு மிஷினும் ஓடுதுல்லா, ஒண்ணும் கேக்கல."

"மில்லை நிறுத்தப்படாதோ?"

"வரிசையில அத்தன பேரு நிக்காவளே!"

நான் அந்தப் பெரியவரைத் தேடிப்பிடித்து விசாரிக்கலாம் என்றேன். மாதுங்காவில் தங்க பிரேம் கண்ணாடிக்காரரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல. மாமா வேண்டாம் என்று கையசைத்தார். அவருக்குச் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி, "ரவை இருக்கா?" என்று குரல் கொடுத்தார்.

"எதுக்கு? என்ன விசேஷம்?" என்றாள் மாமி உள்ளேயிருந்து.

"நிச்சயமாத் தெரியலை. ஆனாக் கிண்டிடு."

அன்றைய என் டைரிக் குறிப்பு இதுதான்: "மாடியிலிருந்து ரவா கேசரி. வந்தவர் யார், என்ன சொன்னார் என்ற இரண்டும் இன்னும் உறுதி செய்யப்படவில்லை. நெய் தாராளம்." இதை எழுதும் இன்றைய தேதிவரை அதில் மாற்றம் இல்லை.